ஒரு போர்டு மட்டும் சுட்டது

"பாடையை நாலு பேர் தூக்கினாலும் நெட்டையன் தோளில்தான்…" என்று தொடங்கி ஏதோ சொல்வார் தங்கையாவின் பெரியப்பா. முடிவு நினைவில் இல்லை. பாரம் என்று வருமோ, தழும்பு என்று வருமோ. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியப்பாவும் இல்லை.

நாற்பது நாளாக அந்தப் பாதிப் பேச்சு தங்கையாவை விடவில்லை. தங்கை யோகராணியின் கணவன் சந்தனத்தைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன அன்று அது வந்து ஒட்டிக்கொண்டது. தங்கையா குள்ளம். மற்ற மூவரும் வளர்ந்த ஆட்கள். மேட்டில் ஏறும்போது மூங்கில் அவர் தோளுக்கு நாலு விரல் மேலே போய்விட்டது. கையை உயர்த்தி அதைப் பிடித்தபடி நடந்தார். பார்த்தவர்கள் எல்லாரும், மச்சானைக் கடைசிவரை சுமந்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள்.

சந்தனம் யானைக் காவலுக்கு இருந்தவன். சாயங்காலப் பஸ் கூடலூரிலிருந்து வரும். இறங்குகிற பெண்கள் ரோட்டிலிருந்து எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத் தேயிலைக்குள் ஒரு மைல் நடக்க வேண்டும். அவர்களை முன்னே விட்டு, கடைசி ஆளாக விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் வருவான். முன்னூறு அடி தள்ளி நிற்கிற யானையின் காது அசைவதுகூட அந்த வெளிச்சத்தில் தெரியும். கண்ணில் அடித்தால் யானை ஒரு நிமிடம் திகைத்து நிற்கும். அந்த ஒரு நிமிடத்தில் பெண்கள் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள்.

விளக்கைச் செய்து கொடுத்தவர் தங்கையா. எஸ்டேட்டில் எலக்ட்ரீசியன்.

பனி இறங்கிய ஒரு சாயங்காலம், பாலத்துக்கு இந்தப் பக்கம், அது அணைந்தது. பெண்கள் ஓடித் தப்பினார்கள். யானையின் முன்னால் சந்தனம் மட்டும் நின்றான்.

சார்ஜ் போட மறந்திருப்பான் என்று லைனில் முதலில் பேசிக்கொண்டார்கள். அதை மாற்றியவள் யோகராணி. அன்று காலையில் சட்னி அரைக்க மிக்ஸிக்காகச் சார்ஜரைப் பிடுங்கியவள் தான்தான் என்றும், திரும்ப மாட்டினேனா இல்லையா என்று நினைவில்லை என்றும் பிணத்தின் காலடியில் உட்கார்ந்து அவளே சொல்லி அழுதாள். அதற்கப்புறம் யாரும் வேறு காரணம் தேடவில்லை. முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "சட்னி ஒருநாள் இல்லாட்டி செத்தா போயிடுவோம்" என்றது யோகராணியின் குடம் நிறைகிற நேரத்தில்தான்.

அவள் மிக்ஸியைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். இப்போது அம்மியில் அரைக்கிறாள். காலையில் அந்தச் சத்தம் லைனின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்.

சாயங்காலப் பஸ்ஸில் பெண்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். யானையும் வருகிறது. காவலுக்குப் பரமநாதன் என்று ஒருவன் ஒத்துக்கொண்டிருக்கிறான். புது விளக்கு ஒன்று செய்து கொடு என்று லைன்காரர்கள் தங்கையாவைக் கேட்டார்கள். டீச்சரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

டீச்சர் என்றால் ஹசீனா. தங்கையாவைவிடப் பதின்மூன்று வயது இளையவள். தொழிற்பயிற்சிப் பள்ளியில் மாலை வகுப்பு எடுத்தவள்; இப்போது கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டார்ச்சும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கையா முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசர் என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. அவள் மட்டும் எழவில்லை. "வாங்கண்ணே, அந்தக் கடைசி பெஞ்சு ஆடும், பார்த்து உட்காருங்க" என்றாள். அன்றிலிருந்து அவர் அவளுடைய மாணவர். வகுப்பு நின்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார்.

கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொல்ல மாட்டாள். கையில் எதையாவது கொடுத்துவிடுவாள்.

இந்த ஞாயிறு அவர் ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே சந்தனத்தின் விளக்கு இருந்தது. காரியத்துக்கு முன்பு போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்தது. கண்ணாடியில் மண் காய்ந்திருந்தது. ஹசீனா சாக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அடுப்பில் இருந்த டீயை இறக்கி வைத்தாள்.

"மூணு டிரைவர் போர்டையும் ஒண்ணாச் சேர்த்து, விளக்கு அணையவே அணையாத மாதிரி எப்படிப் பண்றது, டீச்சர்?"

அவள் விளக்கின் பின்மூடியைத் திருகினாள். பேட்டரியை வெளியே எடுத்து மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தாள். பதினைந்தரை வோல்ட் காட்டியது. நாற்பது நாள் கழித்தும் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"பேட்டரி நல்லாத்தானே இருக்கு, அண்ணே."

"ஆமா."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

தங்கையா கடை வாசலைப் பார்த்தார். காரியத்துக்கு முந்தின நாள் என்றார்.

ஹசீனா மீட்டரை ஒதுக்கி வைத்தாள். முன்பக்கத்தைத் திறந்தாள். பன்னிரண்டு எல்.இ.டி ஒரு வட்டமாக, ஒன்றுக்கும் சேதமில்லாமல் இருந்தன. அவற்றுக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கிற மூன்று டிரைவர் போர்டுகளும் அடியில் இருந்தன. மூன்றும் கருகியிருந்தன. மூன்றிலிருந்தும் புறப்பட்ட ஒயர்கள் ஒரே இடத்தில், ஒரே ஈயச் சொட்டில் வந்து முடிந்திருந்தன.

அவள் கற்றுக்கொடுத்தது அப்படி அல்ல. ஒவ்வொரு டிரைவருக்கும் அதனதன் நாலு எல்.இ.டி என்பது அவள் பாடம். ஒன்று போனாலும் மற்ற எட்டு எரியும். தங்கையாவும் முதலில் அப்படித்தான் செய்தார். சுவரில் அடித்துப் பார்த்தபோது வட்டத்தின் ஒரு ஓரம் லேசாக மங்கித் தெரிந்தது. சந்தனம் சிரித்துக்கொண்டே, "மச்சான், நிலாவுக்குத் தேமல் வந்திருக்கு" என்றான். அது தங்கையாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார். ஒவ்வொரு போர்டும் இவ்வளவுதான் இழுக்கலாம் என்று அளவு வைக்கிற சின்னத் திருகு உண்டு. அதையும் கடைசிவரை திருகிவிட்டார். மறுநாள் வட்டம் கறையில்லாமல் விழுந்தது. ஐந்து நிமிடம் எரிய விட்டுப் பார்த்தார். லைனே கூடி நின்று கை தட்டியது.

இதை அவர் கோர்வையாகச் சொல்லவில்லை. விட்டு விட்டுத்தான் சொன்னார். தேமல் என்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்.

ஹசீனா எழுந்து போய் மூன்று புது போர்டுகளைக் கொண்டுவந்தாள். ஒரே டப்பா, ஒரே நம்பர். அவர் செய்திருந்தது போலவே மூன்றையும் சேர்த்து, திருகுகளைக் கடைசிவரை திருகி, பன்னிரண்டு எல்.இ.டிக்கும் இணைத்தாள். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. அப்பழுக்கில்லாத வட்டம்.

"தொடுங்க" என்றாள்.

முதல் போர்டில் விரலை வைத்தார். சில்லென்று இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் வைத்ததும் விரலை இழுத்துக்கொண்டார்.

"ஏன் இது மட்டும் சுடுது?"

"மொத்தத்தையும் இதுதான் இழுக்குது, டீச்சர்."

"மத்த ரெண்டும்?"

"சேர்ந்துதான் இருக்கு." தங்கையா குனிந்து ஒயர்களைப் பார்த்தார். "தூக்கலை."

மூன்றும் ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தாலும் ஏதாவது ஒன்று முடியளவு உசத்தியாக இருக்கும் என்றாள். அந்த முடியளவு போதும். பாரம் முழுவதும் அதன் தலையில் போய் உட்கார்ந்துவிடும். அது கருகி விழுந்தால் அடுத்தது. அதுவும் விழுந்தால் கடைசியானது.

"வெளிய நின்னு வெளிச்சத்தைப் பார்க்கிறவனுக்கு இது தெரியுமா, அண்ணே?"

"தெரியாது."

சுவரில் இருந்த வட்டத்தைத் தங்கையா பார்த்துக்கொண்டே நின்றார். தோளுக்கு மேலே நாலு விரல் தள்ளிப் போன மூங்கில் நினைவுக்கு வந்தது. கை தானாக ஒருமுறை தோளைத் தடவியது.

அவள் ஸ்விட்சை அணைத்தாள். கட்டரை எடுத்து ஈயச் சொட்டுக்கு மேலே மூன்று ஒயர்களையும் வெட்டினாள். ஒவ்வொன்றையும் அதனதன் நாலு எல்.இ.டிக்குப் பற்றவைத்தாள். திருகுகளைப் பின்னால் திருகி, மீட்டரைப் பார்த்து அளவு வைத்தாள். திரும்பவும் போட்டபோது வட்டத்தின் வலது ஓரத்தில் லேசான மங்கல் இருந்தது. மூன்று போர்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தன. அவள் ஒரு ஒயரை உருவினாள். வெளிச்சம் குறைந்தது. அணையவில்லை.

"பரமநாதனுக்கு இதைக் கொடுங்க. தேமலோடயே கொடுங்க."

தங்கையா தலையாட்டினார். டீயை எடுத்தார். ஆறியிருந்தது. குடித்தார்.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஹசீனா பழைய போர்டுகளை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டே, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அவர் அம்மியைப் பற்றிச் சொன்னார். பரணில் இருக்கிற மிக்ஸியைச் சொன்னார். குழாயடியில் அந்தப் பெண் சொன்னதைச் சொன்னார். இப்போதெல்லாம் விடிவதற்கு முன்னாலேயே, குழாயடியில் ஆள் வருவதற்குள் போய்த் தண்ணீர் பிடித்துவிடுகிறாள் என்றார்.

"யானை வர்ற நேரமாச்சே அது."

"ஆமா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

ஹசீனா காகிதத்தை மடிப்பதை நிறுத்தினாள்.

தங்கையா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். காரியத்தன்றே சொல்லத்தான் நினைத்தாராம். பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் அவள் வீட்டு வாசல் வரை போனார். உள்ளே அம்மிச் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டார். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த அண்ணன் செய்த வேலையால்தான் புருஷன் போனான் என்று தெரிந்தால், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அவள் யாரிடம் போய் நிற்பாள்? அவள் நன்மைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"இதைச் சொல்லி இனிமே என்ன ஆகப்போகுது, டீச்சர்? போனவன் வரப்போறானா?"

ஹசீனா விளக்கைத் தன் பக்கம் இழுத்தாள். புதிதாகச் செய்த இணைப்பைப் பிரித்தாள். மூன்று போர்டையும் பழையபடி ஒரே இடத்தில் சேர்த்தாள். திருகுகளைக் கடைசிவரை திருகினாள். ஒவ்வொன்றாக, நிதானமாகத்தான் செய்தாள். சுவரில் அந்த அழகான வட்டம் திரும்ப விழுந்தது.

"மூணாவதைத் தொடுங்க."

தொட்டார். சூடு ஏறிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார். கருகுகிற வாசனை லேசாக எழுந்தது. அதற்கு மேல் முடியவில்லை. கையை எடுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க கையை எடுத்துட்டீங்க, அண்ணே" என்றாள் ஹசீனா. "அது எங்க எடுக்கும்?"

வெளியே பஸ் ஸ்டாண்டில் யாரோ ஊர்ப் பெயர்களை வரிசையாகக் கூவிக்கொண்டிருந்தான். தங்கையா வாயிலிருந்து விரலை எடுத்தார். பிறகு எழுந்து ஸ்விட்சை அணைத்தார்.

விளக்கைத் தேமலோடு திரும்ப இணைக்க டீச்சரிடமே விட்டுவிட்டு, சந்தனத்தின் பேட்டரியையும், கருகிய மூன்று போர்டுகளையும், டீச்சரின் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு மூன்றரை மணி பஸ்ஸில் ஏறினார். தன் நிறுத்தத்துக்கு ஒன்று முன்னால், யோகராணி வீட்டு நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்தார்.