குறட்டைக்கு ஒரு மனோவசியம்

உசிலம்பட்டிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்றால் மைக்செட் போடுகிறவர்கள் மூன்று பேர்: சோணைமுத்து, பூவலிங்கம், காசிமாயன். மூன்று பேருக்கும் தலை இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், பாவம்.

சோணைமுத்துவின் குறட்டைக்கு ஆம்ப்ளிஃபயரே வேண்டாம். அவன் பெண்டாட்டி ஒச்சம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இந்தக் குறட்டை நின்னாத்தான் நாம ஒரே வீட்டுல. இல்லேன்னா ஒருத்தர் எங்கம்மா வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள்மேல் அவனுக்கு உசிரு. சோறு இறங்கவில்லை.

மதுரையில் மனோவசிய டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மூவரும் பஸ் ஏறினார்கள். பயம், பீடிப் பழக்கம், தூக்கமில்லாமை என்று பலதுக்கும் இது கைகொடுக்கும், குறட்டைக்கும் முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். சோணைமுத்துவை நாற்காலியில் சாயவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

"உங்க உடம்பு பஞ்சு மாதிரி லேசாகுது. அப்படியே மேல மிதக்குறீங்க."

பூவலிங்கம் அண்ணாந்து பார்த்தான். நேர்மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, இவன் மிதந்தா கழுத்து என்னாகும்?"

காசிமாயன் யோசித்தான். "ஃபேன் டாக்டரோடது, அதுல கை வைக்கக்கூடாது. இவன் நம்மாளு. இவனைத்தான் கட்டணும்."

நியாயம்தானே. பையிலிருந்த சீரியல் பல்பு வயரை எடுத்து, நாற்காலியோடு சேர்த்து வரிந்து கட்டினார்கள். டாக்டர் படாத பாடுபட்டு வசியத்தை முடித்தார். இனி நிம்மதியாகத் தூங்கலாம், தூங்கும்போது குறட்டை வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

ஊருக்கு வந்ததும் பெரிய ஆலோசனை. தூங்கிவிட்டால் எப்படிக் கவனிப்பது? ஆகவே சோணைமுத்து கண்ணைக் கொட்டக்கொட்ட விழித்தபடி படுத்துக் கவனித்தான். ஒரு சத்தமும் இல்லை. மற்ற இருவரும் தொழில்காரர்கள், சும்மா நம்பிவிடுவார்களா? தலைமாட்டில் மைக்கை நட்டு, கூரைமேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். ஈ பறக்கிறதுகூடக் கணீரென்று வந்தது. குறட்டை மட்டும் இல்லை. வைத்தியம் பலித்துவிட்டதென்று ஒச்சம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

வெயிலில் வந்த அசதி. ஒச்சம்மா சாப்பிட்டதும் பாயில் சாய்ந்தாள். சோணைமுத்து மைக்கைத் தன் வாய்க்கு நேராகத் திருப்பிவைத்துப் பக்கத்தில் படுத்து, அவள் தூங்குகிற அழகையே பார்த்துக்கொண்டிருந்தான். மனசு நிறைந்துபோயிருந்தது.

திடீரென்று கூரை அதிர்ந்தது. மரம் அறுக்கிற மாதிரி ஒரு குறட்டை தெருவையே கிடுகிடுக்க வைத்தது. ஒச்சம்மா வாயைப் பிளந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

சோணைமுத்து, கூட்டாளிகள் உட்கார்ந்திருந்த வாசலுக்கு ஓடிவந்தான்.

"முழிச்சிருக்கும்போதே விட ஆரம்பிச்சுட்டேன்டா."

"உன்னுதுதானா?" என்றான் பூவலிங்கம்.

"மைக்கு என் வாய்க்கு நேராத்தானே இருந்துச்சு?"

மைக் யார் முன்னால் இருக்கிறதோ சத்தம் அவருடையது. அவர்கள் தொழிலில் இது மாறியதே கிடையாது. ஆனாலும் காசிமாயனுக்கு ஒரு சந்தேகம்.

"நீ இங்க நிக்கிறே. உள்ள இன்னும் வருதே?"

"இத்தனை நாள் அடக்கி வச்சதுல்ல. தீர நேரமாகும்" என்றான் சோணைமுத்து.

அவள் தூக்கம் கெட்டுவிடக் கூடாதே என்று சத்தம் போடாமல் உள்ளே போய், இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு, மாமியார் வீட்டுக்குக் கிளம்பிப் போனான்.