மகாராஜா முதுகும் மருதந்துறைப் பீர்க்கங்கூடும்

மருதந்துறை என்று ஆற்றங்கரையில் ஒரு ஊர். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் அந்தப் படித்துறையில் ஒருதரம் குளித்தவனுக்கு வேறு எங்கே குளித்தாலும் குளித்த மாதிரியே இருக்காது. காரணம் தண்ணீர் இல்லை, ஊர் வழக்கம். பக்கத்தில் நிற்கிறவர் யாரானாலும் சரி, அவர் முதுகை நீங்கள் தேய்க்க வேண்டும், உங்கள் முதுகை அவர் தேய்ப்பார்.

முன்னொரு காலத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஜென்மப் பகையாம். ஒரு ஆடி வெள்ளம் வந்து ஊரையே சேற்றில் முக்கியது. எல்லாரும் ஆற்றில் இறங்கிக் கழுவினார்கள். முதுகுச் சேறு மட்டும் யாருக்கும் எட்டவில்லை. என்ன செய்வார்கள் பாவம்? வீம்பை விட்டுவிட்டு ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தார்கள். அன்றைக்கு ஒட்டிய ஊர் இன்னும் பிரியவில்லை. தேய்ப்பதற்கென்றே இன்றைக்கும் வேலிக்கு வேலி முற்றின பீர்க்கங்காய் நார்க்கூடாகக் காய்ந்து தொங்கும்; அதுதான் பீர்க்கங்கூடு.

இந்த ஊர்க்காரன்தான் வெயிலுவந்தான். மகிழ்வர்ம மகாராஜாவின் சபையில் விகடம் பேசிப் பிழைக்கிறவன்.

ஒருநாள் மாறுவேடத்தில் ஊர் சுற்றப் போன மகாராஜா மருதந்துறையில் இறங்கிக் குளித்தார். செக்காட்டும் பேச்சிமுத்து அவரைத் திருப்பி நிறுத்தி, “என்னய்யா இது, முதுகா களிமண் திட்டா?” என்று திட்டிக்கொண்டே ஒரு தேய் தேய்த்தான். மகாராஜாவுக்குக் கண் சொருகிவிட்டது.

அரண்மனைக்கு வந்தும் அதே பேச்சுதான். பிரதானி சங்கரநயினாருக்கு வெயிலுவந்தானைக் கண்டாலே ஆகாது. சமயம் பார்த்து நுழைந்தார்.

“அப்பேர்ப்பட்ட துறையை ஊர்ச்சனம் கலக்கலாமா பிரபு? அவர்களை மேட்டுக்காட்டுக்கு அனுப்பிவிட்டு, தங்களுக்கு அங்கே ஒரு மாளிகை கட்டுவோம்.”

“நல்லது, செய்யும்” என்றுவிட்டார் மகாராஜா.

வெயிலுவந்தானின் அக்கா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. மேட்டுக்காட்டிலோ குடிக்கக்கூடத் தண்ணீர் கிடையாது. எதிர்த்துப் பேசினால் தலை தங்காது.

“அருமையான யோசனை” என்றான். பிரதானிக்கே தூக்கிவாரிப் போட்டது. “ஒரு விண்ணப்பம் பிரபு. அஸ்திவாரம் போடும் முன் தாங்கள் அந்தத் துறையில் தனியாக நீராட வேண்டும். முதுகு தேய்க்கிற பாக்கியம் பிரதானியாருக்கே கிடைக்க வேண்டும்.”

குறித்த நாளில் மருதந்துறைச் சனம் மூட்டை முடிச்சோடு கரையில் நின்றது. பிரதானி பட்டுத்துணியில் சந்தனம் குழைத்து, பச்சைக் குழந்தையைத் தொடுவது போலத் தொட்டார்.

“அழுத்தித் தேயும்.”

“திருமேனியில் கீறல் விழுந்தால் என் தலை போய்விடும் பிரபு.”

மகாராஜாவுக்கு இடது தோளுக்குக் கீழே அரிப்பு கிளம்பியது. “மேலே. இல்லை, கீழே. ஐயோ, அங்கே இல்லை.” பிரதானி ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டார். அரிப்பு முதுகெல்லாம் பரவியது.

“அன்றைக்குத் தேய்த்தவனைக் கூப்பிடு!”

பேச்சிமுத்து வந்தான். முதுகில் வைத்ததுமே பீர்க்கங்கூடு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

“வெயிலுவந்தான், இவனுக்கு என்ன கேடு?”

“அன்றைக்குப் பக்கத்தில் குளித்தவர் முதுகைத் தேய்த்தான் பிரபு. இன்றைக்குத் தன் வீட்டைப் பிடுங்கியவர் முதுகைத் தேய்க்கிறான். கை ஓடுமா?”

மகாராஜா கரையில் இருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

“இதற்கு வழி?”

“ஊர் வழக்கம்தான் பிரபு. முதலில் தாங்கள் தேய்த்துப் பாருங்கள்.”

மகாராஜா குனிந்து, மிதந்த கூட்டை எடுத்தார். “திரும்புய்யா” என்று பேச்சிமுத்துவைத் திருப்பி நிறுத்தித் தேய் தேய் என்று தேய்த்தார். கரையில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், பேச்சிமுத்துவுக்குக் கை வந்துவிட்டது. கூட்டை வாங்கி அவன் தேய்த்த தேய்ப்பில் அரிப்பு போன இடம் தெரியவில்லை.

“மூட்டையை அவிழ்க்கச் சொல்லு. மாளிகையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்” என்று வாய்விட்டுச் சிரித்தார் மகாராஜா. “வெயிலுவந்தான், உனக்கு என்ன வேண்டும் கேள். பொன்னா, நிலமா?”

திரும்பிப் பார்த்தால், வெயிலுவந்தான் மேல்துண்டைக் கரையில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே இடுப்பளவுத் தண்ணீரில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

“இடது தோளுக்குக் கீழே பிரபு. கொஞ்சம் அழுத்தி.”