அவுட்டே ஆகாத அணி

பூசணிப்பட்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டால் உங்களுக்கு யாரும் வழி சொல்ல மாட்டார்கள். சொல்லக்கூடாது என்றில்லை. ஊர்ப் பேரைக் கேட்டதுமே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சிரித்து முடிப்பதற்குள் நீங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விடும்.

அந்த ஊர்க் கபடிக் குழுவுக்குத் தலைவன் சடையப்பன். ஊரிலேயே கெட்டிக்காரன் என்று பேர். அந்த ஊரில் கெட்டிக்காரன் என்றால் எந்த அளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் மாசி மாதம் பக்கத்து ஊரான கருங்கல்மேட்டில் நடக்கும் போட்டிக்கு ஆள் திரட்டிக்கொண்டு போவான். வருஷா வருஷம் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்விவிட்டு வருவான். வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே, "இந்த வருஷம் மண்ணு போன வருஷத்தைவிட நல்லாருந்துச்சுப்பா" என்பான்.

இதையெல்லாம் அவன் பொண்டாட்டி அங்காயி பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் போன மாசம் அவள் கால் கொலுசை விற்று ஆட்டக்காரர்களுக்குப் பனியன் எடுத்தான் பாருங்கள், அன்றைக்குத்தான் மூட்டையைக் கட்டினாள். "ஒரே ஒரு கோப்பை. உன் ஆயுசுல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுக் கொண்டா. அன்னிக்கு நானா வந்து உலை வைக்கிறேன். அதுவரைக்கும் என் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் வீடு இருப்பதும் கருங்கல்மேட்டில்தான்.

சடையப்பன் தவித்துப்போனான். முட்டாளுக்கும் மனசு உண்டே. கஞ்சியை அடிப்பிடிக்க விட்டான், அதில் உப்பை இரண்டு தடவை போட்டான். சாப்பிட உட்கார்ந்தால் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் தொண்டையில் இறங்கவில்லை. எப்படியாவது கோப்பையை வாங்கி அவளைக் கூட்டி வந்துவிட வேண்டும். எந்நேரமும் அதே நினைப்பு.

கோப்பை சும்மா வருமா? கருங்கல்மேட்டுக்காரர்கள் பேர் பெற்ற ஆட்டக்காரர்களை வெளியூரிலிருந்து காசு கொடுத்து இறக்குவார்கள். ஆட்டுக்கறி, முட்டை, தங்க இடம், போக வர வண்டி. பூசணிப்பட்டிக் குழுவிடம் இருந்த காசுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆளுக்கு அரை சோடாவும்தான் வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஆடு மாடு கணக்கெடுக்க ஒரு அதிகாரி ஊருக்குள் வந்தார். டீக்கடையில் உட்கார்ந்து சடையப்பன் புலம்பலைக் கேட்டார். மனுஷன் விவரமானவர்தான். எந்த ஊரில் வாயைத் திறக்கிறோம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை.

"காசு இல்லாட்டி என்னங்க, கணக்கு இருக்கே! பேர் வாங்கின ஆளுக்குப் பின்னாடி ஓடாதீங்க. ஆளைப் பாக்காதீங்க, கணக்கைப் பாருங்க. யாரு ரொம்பக் கம்மியா அவுட் ஆகுறான்னு எண்ணுங்க. அந்த மாதிரி ஆளை எவனும் சீந்தியிருக்க மாட்டான், சல்லிசா கிடைப்பான். அப்படி ஏழு பேரைச் சேத்துட்டா கோப்பை உங்களுக்குத்தான்" என்றார். டீயைக் குடித்தார், வண்டியை எடுத்தார், போய்விட்டார். பாவி மனுஷன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று விளக்கியிருக்கக் கூடாதா?

மறுநாள் சாயங்காலம் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு இறங்கியதும், சடையப்பனும் மாயழகும் குப்புமுத்தும் ஆளுக்கொரு துண்டால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். ஆளைப் பார்க்கக் கூடாது என்று அதிகாரி சொல்லியிருக்கிறாரே! மாயழகு குழுவின் மூளை. குப்புமுத்து குழுவின் பொருளாளர், அதாவது வாழைப்பழம் வாங்கி வருகிறவன்.

"தொம்முனு சத்தம் கேட்டா ஒரு அவுட்டுன்னு வெச்சுக்க" என்றான் மாயழகு.

தொம்மென்று கேட்டது.

"ஒண்ணு" என்றான் சடையப்பன். "யாருடா விழுந்தது?"

"அதைப் பாத்தா ஆளைப் பாத்த மாதிரி ஆயிடும்ணே" என்றான் குப்புமுத்து.

"அப்ப யாரு கணக்குல வைக்கிறது?"

மூன்று பேரும் கட்டிய கண்ணோடு ஆழ்ந்து யோசித்தார்கள். கடைசியில், விழுகிறவன் எவனோ அவனே எழுந்து வந்து தன் பேரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று முடிவானது.

பொழுது சாய்வதற்குள் "தவமணி" என்ற பேர்தான் அதிகம் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? அந்த ஊரில் உருப்படியாகக் கபடி தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவனும் அவன்தான், நாலு பேரைத் தொட்டுவிட்டு ஐந்தாம் தடவை பிடிபடுகிறவனும் அவன்தான். மற்றவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று விசிலடிப்பார்கள்.

"அடப்பாவி, இத்தனை அவுட்டா! இவனாலதான்டா நாம இத்தனை வருஷமாத் தோத்திருக்கோம்" என்று சடையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். அப்போதே தவமணியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவன் பனியனைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு நேரே கருங்கல்மேட்டுக்கு நடந்தான். அங்கே அவனுக்கு இலை போட்டுக் கறிச்சோறு வைத்தார்களாம்.

"கெட்ட கணக்கை எதிராளி தலையில கட்டியாச்சு!" என்று குப்புமுத்து குதியாட்டம் போட்டான்.

அடுத்து, கம்மியாக அவுட் ஆகிறவனைத் தேட வேண்டும். இங்கேதான் மாயழகின் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி செய்யாது. செய்தால் ஊர் தாங்காது.

"ஏம்ப்பா, களத்துல இறங்குறவன் இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு அவுட் ஆயித்தானே தீருவான்? களத்துப் பக்கமே எட்டிப் பாக்காதவன் எவன்னு தேடு. அவன் ஒருக்காகூட அவுட் ஆயிருக்க மாட்டான்."

சடையப்பனுக்குப் புல்லரித்துவிட்டது. "அய்யோ, அதிகாரி சொன்னது இதைத்தான்டா! அந்த மாதிரி ஆளை எவனும் சீந்தியிருக்க மாட்டான்னு சொன்னாரே!"

வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். கட்டிலை விட்டு இறங்கியே பல வருஷம் ஆகிவிட்ட நல்லுச்சாமிப் பெரியவர், ஒரு அவுட்டும் இல்லை. "சேத்துக்க!" வெயில் பட்டால் மயக்கம் போட்டு விழும் தையற்காரர், ஒரு அவுட்டும் இல்லை. "சேத்துக்க!" சேவல் முறைத்தாலே கதவைச் சாத்திக்கொள்கிற மளிகைக்கடைக்காரர். அவரையும் சேர்த்தாயிற்று. இப்படியே ஏழு பேர் தேறினார்கள். ஒருத்தர்கூடக் காசு கேட்கவில்லை. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு!

மாற்று ஆட்டக்காரர் ஒருவர் வேண்டுமே என்றபோது குப்புமுத்து தொண்டையைக் கனைத்தான். "போன வருஷம் செத்துப்போன சீனிமுத்து மாமா இருக்காருல்ல?"

"செத்தவரை எப்படிடா சேக்குறது?"

"நல்லா யோசிச்சுப் பாருண்ணே. மத்தவங்க இதுவரைக்கும் அவுட் ஆகல, அவ்வளவுதான். மாமா இனிமேலும் ஆக மாட்டாரு."

"சேத்துக்க!" என்றான் சடையப்பன்.

போட்டி நாள் வந்தது. நல்லுச்சாமிப் பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வந்து களத்தில் இறக்கினார்கள். ஓரத்து நாற்காலியில் சீனிமுத்து மாமாவின் படம், மாலையோடு, பனியன் மாட்டிக்கொண்டு. கருங்கல்மேட்டுச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெண்கள் கூட்டத்தில் அங்காயி நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று சடையப்பன் பூரித்துப்போனான்.

நடுவர் விசிலடித்தார். பூசணிப்பட்டிதான் முதலில் பாடிப் போக வேண்டும். யாரும் நகரவில்லை.

"போங்க தையற்காரரே" என்றான் சடையப்பன்.

"நான் போய் அவுட்டாயிட்டா? பொறந்ததுலேர்ந்து சேத்து வெச்ச கணக்கு தம்பி இது! ஒரே நாள்ல தொலைக்கச் சொல்றியா?"

"நியாயந்தானே?" என்றான் மாயழகு. "கணக்குக்காக எடுத்துட்டு, கணக்கையே கெடுத்தா எப்படி?"

மளிகைக்கடைக்காரரைக் கேட்டார்கள். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தார். நல்லுச்சாமிப் பெரியவரைக் கேட்டார்கள். "காப்பி வந்துருச்சா?" என்றார். நடுவர் பொறுத்துப் பார்த்துவிட்டு எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார்.

"புள்ளிதானே போச்சு, ஆளு போகலியே" என்று குப்புமுத்து தேற்றினான்.

அடுத்து எதிர்ப்பக்கமிருந்து ஒருத்தன் தொடையைத் தட்டிக்கொண்டு, "கபடி கபடி" என்று பாய்ந்து வந்தான். யார் என்று நினைக்கிறீர்கள்? தவமணியேதான். அவன் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் பூசணிப்பட்டி அணி மொத்தமும் களத்தை விட்டு ஓடி, தெருமுனை சோடாக்கடைக்குள் புகுந்துகொண்டது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தவமணி வெறுங்களத்தில் நின்று, மூச்சை விட்டுவிட்டு, தலையைச் சொறிந்தான். நடுவர் இன்னும் கொஞ்ச நேரம் சோடாக்கடைப் பக்கம் பார்த்தார். பிறகு கருங்கல்மேடு ஜெயித்தது என்று அறிவித்தார்.

"ஒருத்தன்கூட அவுட் இல்ல!" என்று சடையப்பன் ஆனந்தக் கூத்தாடினான். ஏழு பேரையும் தோளில் தூக்கி, படத்தை முன்னால் பிடித்து, கொட்டடித்து ஊர்வலமாகக் கிளம்பினார்கள். ஜெயித்தவர்களே தாங்கள் தோற்றுவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் குழம்பினார்கள். ஊர்வலம் பெண்கள் கூட்டத்துக்கு எதிரே நின்றது.

"கோப்பை எங்க?" என்றாள் அங்காயி.

"கோப்பையை அவங்க எடுத்துக்கிட்டாங்க புள்ள. ஆனா நம்ம ஆளு மேல ஒரு விரல்கூடப் படல. எந்த ஊரு அணிக்காச்சும் இப்படிக் கணக்கு இருக்கா, சொல்லு?"

அங்காயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னையக் கட்டி வெச்சாரே, எங்கப்பனைச் சொல்லணும்" என்றாள். திரும்பி நடந்துவிட்டாள்.

கொட்டு நின்றது. சடையப்பன் அங்கேயே குந்தி அழ ஆரம்பித்தான். குலுங்கிக் குலுங்கி அழுதான். சீனிமுத்து மாமாவின் படத்தை ஏந்தியிருந்த குப்புமுத்துவுக்கும் கண் கலங்கியது. ஊர் திரும்பியதும் பஞ்சாயத்து கூடியது.

"அழுது என்ன ஆகப்போவுது? இதுக்கும் கணக்கைத்தான் பாக்கணும்" என்றான் மாயழகு. "நம்ம ஊருல எவன் பொண்டாட்டி ரொம்பக் கம்மியாக் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா? அவனை அனுப்புவோம். அவன் கூப்பிட்டா அங்காயி வந்துதான் ஆகணும்."

எண்ணிப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு தடவையாவது போயிருந்தார்கள். மாயழகு பொண்டாட்டி அன்றைக்குக் காலையில்தான் போயிருந்தாள். ஒரே ஒருத்தன் கணக்குதான் சுத்தமாக இருந்தது. அவன் கொம்பையா. ஐம்பது வயசு. கல்யாணமே ஆகவில்லை.

"இந்த வயசு வரைக்கும் ஒரு பொஞ்சாதியும் என்னை விட்டுட்டுப் போனதில்ல" என்று கொம்பையா மீசையை நீவிக்கொண்டான். சந்தனம் பூசி, புது வேட்டி கட்டி, அவனைக் கருங்கல்மேட்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கே நிலவரம் என்னவென்றால், அண்ணி நாக்கு அங்காயியை வாட்டி எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்பது பேச்சு. இந்தப் பேச்சுக்கு அந்தக் கிறுக்கனே தேவலை என்று அவளே முடிவு பண்ணியிருந்தாள். கூப்பிட யாராவது வர மாட்டார்களா என்றுதான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பையா தலையைக் கண்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "வாண்ணே, போவோம்" என்றாள்.

கொம்பையா போனான், வந்தான். வரும்போது தனியாக, மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"எங்கடா அங்காயி?" என்று சடையப்பன் துடித்தான்.

"வந்துட்டாண்ணே! மூட்டையோட வாசலுக்கே வந்துட்டா. ரெண்டடிகூட எடுத்து வெச்சுட்டா. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. பாதி வழியில மனசு மாறித் திரும்பிப் போயிட்டான்னு வெச்சுக்க, அது யாரு கணக்குல ஏறும்? கூட்டிட்டு வந்தவன் கணக்குலதானே? ஐம்பது வருஷம் கட்டிக் காத்தது! 'தாயி, நீ இங்கனயே இரு'ன்னு கும்பிடு போட்டுட்டு ஒரே ஓட்டமா வந்துட்டேன்."

முதலில் மாயழகு மெதுவாகக் கைதட்டினான். குப்புமுத்து தட்டினான். ஊரே எழுந்து நின்று தட்டியது. "தப்பிச்சடா கொம்பையா!" என்று ஆளாளுக்கு அவனைக் கட்டிக்கொண்டார்கள்.

சடையப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிவிட்டு, பெருமூச்சு விட்டபடி மாயழகு பக்கம் திரும்பினான்.

"ச்சே! இந்தக் கணக்கு அன்னிக்கே எனக்குத் தெரியாமப் போச்சே. அங்காயியைக் கட்டாமலே இருந்திருந்தா, இன்னிக்கு அவ என்னை விட்டுட்டுப் போயிருப்பாளா?"