தாலாட்டுக் கூலிக்கு வந்த கொசு

அந்தக் காலத்தில் மரமும் பேசும், மாடும் பேசும், கொசுவும் பேசும். கொசு பேசுவதோடு நிற்காது, பாடவும் செய்யும். அதுவும் எப்படிப்பட்ட குரல்! கேட்டவர்கள் கண் சொக்கிப் போவார்கள். இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனாலும் நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அன்றைக்குக் கொசு யாரையும் கடித்ததில்லை. பூவில் தேன் குடிக்கும், கிடைத்தால் பதநீர் குடிக்கும். ஆற்றுப் பாசனத்து ஊர்களில் நடவு தொடங்கிவிட்டால் அதற்குக் கை நிறைய வேலை. கைப்பிள்ளைக்காரிகள் வாய்க்கால் கரைப் பூவரச மரத்தில் சேலையால் தூளி கட்டி, பிள்ளையை அதில் போட்டுவிட்டு வயலில் இறங்குவார்கள். கொசு ஒவ்வொரு தூளியாகப் போய்த் தாலாட்டுப் பாடும். அதற்குக் கூலியாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பதநீர் ஊற்றி மரத்தடியில் வைப்பார்கள். 'பாட்டுக்காரி' என்றுதான் அதை மரியாதையாகக் கூப்பிடுவார்கள். தாயார்கள் யாரும் பிள்ளைக்குப் பாடியதே இல்லை. சேற்றில் நின்று நடவுப்பாட்டுப் பாடிக் கரகரத்த குரல் பச்சைப்பிள்ளைக் காதுக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு தூளியில் கிடந்த பிள்ளை தன் நகத்தாலேயே தன் கன்னத்தைக் கீறிக்கொண்டது. கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது. பாடிக்கொண்டிருந்த கொசு, துடைத்துவிடலாம் என்று போய் வாயை வைத்தது. அவ்வளவுதான். பதநீரெல்லாம் பச்சைத் தண்ணீராய்ப் போய்விட்டது அதற்கு. மறுநாளிலிருந்து சிரட்டையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. பிள்ளைகளின் உடம்பில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது.

"வேக்குருதான். வெயில் என்ன வெயில் அடிக்கு!" என்றாள் சுடலி. நடவு ஆட்களில் அவள்தான் மூத்தவள். அவள் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. வெக்கை தாங்காமல்தான் பிள்ளைகளுக்குத் தடிக்கிறது என்று எல்லாரும் தூளிகளை அவிழ்த்து, வாய்க்கால் தண்ணீருக்கு இன்னும் பக்கத்தில், நிழல் அடர்ந்த கிளைகளில் கொண்டுபோய்க் கட்டினார்கள். கொசுவுக்கு வீட்டு வாசலிலேயே சாப்பாடு வந்து இறங்கியதுபோல் ஆயிற்று.

சுடலியின் தம்பி பெண்டாட்டி ஆவுடை. அவளுக்கு அதுதான் தலைப்பிள்ளை, பெண் பிள்ளை, இன்னும் பேர்கூட வைக்கவில்லை. நாளாக நாளாக அந்தப் பிள்ளை பால் குடிப்பதைக் குறைத்தது. தூங்குவதையும் குறைத்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் சொறிந்தது. சொறிந்த இடமெல்லாம் புண்ணாகி, உடம்பு காந்தியது. ஆவுடை ஈரத்துணியை நனைத்து நனைத்துத் தடிப்புகளின் மேல் போட்டாள். சொறிந்து மேலும் புண்ணாக்காமல் இருக்கப் பிள்ளையின் நகத்தை வெட்டிவிட்டாள். காந்தல் அடங்கி ஒரு பொழுது நிம்மதியாக இருக்கும். வயலுக்குப் போய்த் திரும்பினால் புதிதாக நாலு தடிப்பு.

அவள் தடிப்புகளை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. துணி மூடிய இடத்தில் ஒன்றும் இல்லை. வேர்க்குரு துணியைப் பார்த்தா வரும்?

அடுத்த நாள் நாற்றை நட்டுக்கொண்டே காதை மட்டும் தூளிப் பக்கம் வைத்திருந்தாள். கொசு பாடியது. திடீரென்று பாட்டு நின்றது. பிள்ளை வீறிட்டது. மறுபடியும் பாட்டு. மறுபடியும் நின்றது. மறுபடியும் வீறிட்டது. ஆவுடை கையிலிருந்த நாற்றுமுடியை அப்படியே போட்டுவிட்டு, சேறும் சகதியுமாகக் கரையேறி ஓடினாள். பிள்ளையின் முழங்கால் மடிப்பில் கொசு உட்கார்ந்திருந்தது. வயிறு செக்கச் செவேலென்று உப்பியிருந்தது.

"பாட்டுக்காரி! வாய்க்கு இப்ப என்ன வேலை?" என்றாள் ஆவுடை.

கொசு பறந்து கிளையில் போய் உட்கார்ந்தது. மழுப்பப் பார்த்தது, முடியவில்லை. பிறகு திமிராகவே சொன்னது: "ஆமா, குடிச்சேன். ஒரு சொட்டுக்கு இம்புட்டு ரகளையா? நான் பாடாம உன் பிள்ளை ஒறங்கிருமா? உங்கள்ல எவளுக்குப் பாட வரும்? இன்னைக்கு வெரட்டுவ, நாளைக்கு நீயே வந்து கூப்பிடுவ."

ஆவுடை மற்றப் பெண்களிடம் போய்ச் சொன்னாள். அவர்களுக்கும் வயிறு எரிந்தது. ஆனால் பறித்துப்போட்ட நாற்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. பாட ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் தூங்காது. பிள்ளைகள் தூங்காவிட்டால் நடவு நடக்காது.

"ஏட்டி ஆவுடை, ஒரு நாலு நாளு பல்லைக் கடிச்சுட்டு இரு. நடவு முடியட்டும்" என்றாள் சுடலி.

"நாலு நாளு எம்பிள்ளை தாங்காது மதினி. நாத்துக்கு ஒரு கணக்கு இருந்தா எம்பிள்ளைக்கும் ஒரு கணக்கு இருக்கு. இன்னைக்கே ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொசுவைத் தடுக்க வழி தேடிக் கிளம்பினாள். முதலில் வாழையிடம் போனாள். "இலை தாரேன், ஆனா காத்தடிச்சா கிழிஞ்சு தொங்குமே" என்று வாழை கையை விரித்தது. அடுத்து வேம்பு. அது அப்போதே பெரிய வைத்தியர். அதன் வாசலில் கூட்டம் நின்றது. "இரும்மா, அம்மைக்கு வந்தவங்களைப் பாத்துட்டு வாரேன்" என்றது. ஆவுடை நிற்கவில்லை. நிற்க அவளுக்கு நேரமில்லை.

வாய்க்கால் மேட்டில் யாரும் சீந்தாத செடி ஒன்று புதராக மண்டிக் கிடந்தது. அதுதான் நொச்சி. ஆவுடை கேட்பதற்கு முன்னால் அதுவே பேசியது. "எங்கிட்டயா வந்த? என் வாடை யாருக்கும் பிடிக்காதே. ஆடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகும்."

ஆவுடை ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். மூக்கில் சுரீரென்று ஏறியது. பின்னாலேயே வந்து வேவு பார்த்துக்கொண்டிருந்த கொசு, அந்த வாடை பட்டதும் பத்தடி தள்ளிப் போய் விழுந்து எழுந்தது.

"இதுதான் எனக்கு வேணும். உன்ன ஒடிக்கட்டுமா?" என்றாள் ஆவுடை.

"ஒடி. ஒடிக்க ஒடிக்கத் தழைப்பேன். என்னத் தேடி வந்த மொத ஆளு நீதான்" என்றது நொச்சி.

இலைக்கொத்தோடு ஒடித்த ஒரு கட்டு நொச்சிக் குழையோடு ஆவுடை திரும்பினாள். தண்ணீர்ப் பக்கத்திலிருந்த தூளியை அவிழ்த்து, காற்று நன்றாக வருகிற மேட்டில் கட்டினாள். கயிற்றிலும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குழையைச் செருகினாள். மெல்லிய பழைய வேட்டியை விரித்துத் தூளியின் வாயை மூடினாள். பிறகு மரத்தடிக்குப் போனாள். குடிக்காமல் விட்ட கூலிச் சிரட்டைகளில், நடுவில் ஒரு ராத்திரி பெய்த மழையின் தண்ணீர் தேங்கி, அதில் கொசுவின் குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. "ஓகோ, குடித்தனமே நடக்கோ இங்க?" என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொட்டினாள்.

கொசு தூளியை நாலு சுற்றுச் சுற்றியது. வாடையைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. போய்க் கிளையில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டது.

பிள்ளைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டைக் காணோம். அழ ஆரம்பித்தது. ஆவுடை ஆட்டினாள், தட்டினாள், தூக்கி வைத்துப் பார்த்தாள், பால் கொடுத்துப் பார்த்தாள். அழுகை ஏறிக்கொண்டே போனது. அழுதழுது பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. வயலில் எல்லாரும் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். மேலே இருந்து கொசு கேட்டது: "என்ன, வரட்டுமா? அந்தக் குழையைத் தூக்கி எறி. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு. பிள்ளை நிமிசத்துல ஒறங்கிரும்."

சுடலிகூட, "எறிஞ்சிரேன் ஆவுடை, பிள்ளை பாவம்" என்று கத்தினாள்.

ஆவுடையின் கை ஒரு கணம் குழையின் பக்கம் போகத்தான் செய்தது. அதை அங்கேயே மடக்கினாள். தூளிக் கயிற்றைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள்.

கதிர் முற்றும்போது கிளி விரட்டுகிற குரல் அது. அரைக் காத தூரம் கேட்கும். அந்தக் குரலில், ராகம் தெரியாமல், வாய்க்கு வந்ததைப் பாடினாள்:

"நொச்சிக்குழை காவல் நிக்கு, நீயொறங்கு,
அம்மை நானும் கூட நிக்கேன், நீயொறங்கு.
கடிச்ச வாயி கசந்து போகும், நீயொறங்கு,
காந்தலெல்லாம் தணிஞ்சு போகும், நீயொறங்கு."

கொசு விழுந்து விழுந்து சிரித்தது. மரத்திலிருந்த காக்கை எழுந்து வேறு மரத்துக்குப் போனது. ஆவுடை நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பாடினாள். அழுகையில் குரல் இன்னும் கொஞ்சம் கெட்டது.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. கண்ணை அகல விழித்து அவள் வாயையே பார்த்தது. வயிற்றுக்குள் இருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல அது கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக் குரல் இதுதான். நடுவில் இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று அது நினைத்திருக்கும். ஒரு கொட்டாவி விட்டது. கடிபட்ட காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டது. தூங்கிவிட்டது.

சுடலி நாற்றுமுடியை வரப்பில் வைத்துவிட்டு நொச்சிப் புதரை நோக்கி நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு தூளிக்குப் பக்கத்திலும் ஒருத்தி நின்று பாடிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குக்கூடச் சுருதி சேரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தூங்கின. பிறகுதான் நடவு தொடர்ந்தது.

வேலை போன கொசு, "நல்லாப் பாடுவேன், வேலை குடுங்க" என்று ஒவ்வொருவர் காதாகப் போய் இன்னமும் பாடிக் காட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டவர்கள் அடிக்கத்தான் கையை ஓங்குகிறார்கள். நொச்சியும் புதரிலிருந்து வேலியோரத்துக்கும் வீட்டுக் கொல்லைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அந்த நடவு நாளிலிருந்துதான் பெற்றவளே தன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். குரல் நன்றாக இல்லையே என்று இதுவரை ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.