பக்கத்து நாற்காலி

குருவுக்கு முப்பது வயது, சிஷ்யனுக்கு நாற்பத்து நாலு. திருச்சி பாலக்கரையில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கேம் ஆடுகிற மானிட்டரை எடைபோடுவதில் சுபைதாவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. போட்டி போட்டியாக ஆடிக் கப் வாங்கியவள், இப்போது வாங்க வருகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்கிறாள். அமலதாஸ் அவளை டீச்சர் என்பான், அவள் அவனை அண்ணே என்பாள். வித்தை என்று வந்துவிட்டால் வயதாவது ஒன்றாவது.

அவன் சிஷ்யனாக வந்து சேர்ந்தது அவனுடைய அண்ணன் சேசுராஜுக்காக.

சேசுராஜுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதைக்கூட வீட்டில் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்கப்புறம் அவன் யாரிடமும் பேசுவதில்லை. நாக்குக்கு ஒன்றுமில்லை, பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பாடும் உள்ளேதான்.

அந்த ஆளா இப்படி ஆனான் என்று அமலதாஸுக்கு ஆறவே இல்லை. பிரவுசிங் சென்டர் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். மேஜைக்கு ஒரு நாற்காலிதான் போடுவார்கள். அண்ணன் உட்கார்ந்து துப்பாக்கி ஆட்டத்தில் சுடுவான். தம்பி ஓரத்தில் ஒரு முக்காலியில் ஒண்டிக்கொண்டு, "இடது பக்கம் வர்றாண்ணே, பெட்டிக்குப் பின்னாடி நிக்கிறாண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பின்னால் தொப்பை தள்ளிய அந்தக் குண்டு மானிட்டர் எங்கே நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். வாசலில் எட்டிப் பார்க்கிறவன்கூட யோசனை சொல்லுவான். தம்பிக்கு அம்மை போட்டிருந்தபோது அண்ணன் தனியாகப் போனான், போன வேகத்தில் திரும்பி வந்தான். "நீ இல்லாம என்னடா ஆட்டம்" என்றான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

அந்த ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் அண்ணன் எழுந்து வருவான் என்று அமலதாஸ் நம்பினான். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறவன் மாதிரி நம்பினான்.

சுபைதா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். திரையில் ஒரு புள்ளி நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் ரெஸ்பான்ஸ் டைம் என்கிறார்கள். அது கூடினால் ஓடுகிற ஆளுக்குப் பின்னால் நிழல் இழுக்கும். பேனல் என்கிற திரைத் தகட்டில் மூன்று வகை. டிஎன் பேனல் வேகத்தில் மின்னல், நிறம்தான் சோகை. ஐபிஎஸ் பேனலில் நிறம் கண்ணைப் பறிக்கும், வேகம் கொஞ்சம் மட்டு. விஏ பேனலில் கறுப்பு நல்ல மைக்கறுப்பு, ஆனால் இருட்டான இடத்தில் நிழல் இழுத்துத் தொலைக்கும். அமலதாஸ் எல்லாவற்றையும் ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் செய்தான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. மானிட்டருக்கு முன்னால் உடனே உட்காரமாட்டாள். சந்தையில் மாடு பிடிக்க வந்தவள் மாதிரி இந்த ஓரம் நிற்பாள், அந்த ஓரம் நிற்பாள், குந்தியும் பார்ப்பாள். பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லையா டீச்சர் என்று அமலதாஸ் கிண்டல் செய்வான். அவளும் சிரித்துக்கொள்வாள்.

கடைசியில் அவசரம் அவனை உந்தித் தள்ளியது. அவளைக் கேட்காமலே ஒரு மில்லிசெகண்டில் நிறம் மாறும் டிஎன் மானிட்டர் ஒன்றையும், இடது கைக்குத் தோதான மவுஸ் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். கூடத்தில் வைத்து அதே பழைய ஆட்டத்தை ஓடவிட்டான்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சேசுராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அமலதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மவுஸை நீட்டினான். அண்ணன் அதைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த தாழ்வான பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, நீ ஆடு என்று கையைக் காட்டினான்.

தம்பி ஆடினான். அண்ணன் கொஞ்ச நேரம் உற்று உற்றுப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியலடா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான். கதவையும் சாத்திக்கொண்டான்.

அமலதாஸ் ஆடிப்போய்விட்டான். கையோடு கண்ணும் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டான். மறுநாள் காலையில் சுபைதாவிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான். இதைவிட வேகமான மானிட்டர் இருக்கிறதா, அரை மில்லிசெகண்ட் குறைந்தாலாவது அண்ணன் கண்ணுக்குப் பிடிபடுமா என்று கேட்டான்.

சுபைதா செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினாள்.

வீட்டில் அண்ணனின் கதவு சாத்தியே இருந்தது. ஆட்டத்தைப் போடச் சொன்னாள். இருட்டான கிடங்கு ஒன்று வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"உங்க அண்ணன் எங்கே உட்கார்ந்தாரு?"

அமலதாஸ் பிரம்பு நாற்காலியைக் காட்டினான்.

"நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தான். படம் சாயம் போன கைலி மாதிரி இருந்தது. கிடங்கின் மூலையெல்லாம் ஒரே கறுப்பு. எழுந்து முன்னால் போய்ப் பார்த்தான். அந்த மூலையில் ஒருத்தன் துப்பாக்கியோடு தெளிவாக நின்றுகொண்டிருந்தான். திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஆளைக் காணோம்.

அந்த நாற்காலியை விட்டு எழ அவனுக்கு மனம் வரவில்லை. முக்காலியில் ஒண்டிக்கொண்டிருந்த பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

"அப்போ அவன் கண்ணுக்கு ஒண்ணுமில்லையா டீச்சர்?"

"ஒண்ணுமில்லண்ணே. இது முன்னாடி உட்கார்றவருக்கு மட்டும் தெரியிற பேனல். ஐபிஎஸ்னா அங்கேருந்தும் தெரியும்."

அமலதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஆனாலும் படித்த பாடம் அவனை விடவில்லை.

"அது வேகம் கம்மியாச்சே டீச்சர். நான் வேற கத்துக்குட்டி, அந்தக் காலத்துல மவுஸைத் தொட்டதே கிடையாது. மூலையில நிக்கிறவனை நான் பார்த்துச் சுதாரிக்கிறதுக்குள்ள அவன் சுட்டுடுவான்."

சுபைதா பிரம்பு நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அதுக்கு முன்னாடி உங்க அண்ணன் பார்த்துடுவாரு" என்றாள்.