பதிமூன்று நாள் வட்டி

"பதிமூணு நாள் வட்டி வீணாப் போகுமே, மேடம்?"

நம்பி அன்றைக்குக் கேட்ட கேள்வி இது. இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அறையை நினைத்தாலே, கார்பன் பேப்பர் வாசனையோடு அந்தக் காலைதான் வந்து நிற்கும்.

வேலை பார்த்த மில்லை மூடியபோது நம்பிக்கு ஐம்பத்தொன்று. முதலீட்டு ஏஜென்ட் தொழில் கற்க, அந்த மாடி அறையில் ஆபீஸ் வைத்திருந்த கோமளவல்லியிடம் சேர்ந்தார். கோமளவல்லி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

ஒரே மாதத்தில் வட்டி விகிதமெல்லாம் நம்பிக்கு மனப்பாடம்.

"எந்தத் திட்டம் நல்லதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்று குறைப்படுவார்.

கோமளவல்லி சிரிப்பார்.

அன்று முதலில் வந்தவர் தங்கசாமி. ஓய்வுபெற்ற சர்வேயர், தனிக்கட்டை. பென்ஷன் வருகிறது. கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, பேங்கில் போடலாமா என்றார்.

"இந்தப் பணம் இல்லேன்னா உங்களுக்கு எதுவும் நின்னு போகுமா?"

"ஒண்ணும் நிக்காதும்மா."

பங்குச்சந்தை ஃபண்டு விண்ணப்பத்தை நீட்டினார் கோமளவல்லி. "ஏறும், இறங்கும். பத்து வருஷம் எட்டிப் பார்க்கக் கூடாது. முடியுமா?"

தங்கசாமி கையெழுத்துப் போட்டார்.

அடுத்து ரெஜினா. கணவர் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். நாலு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். இன்ஷூரன்ஸ் பணம் வந்திருந்தது. அதுவும் இரண்டு லட்சம்தான். இரண்டு பெண் பிள்ளைகள்.

நம்பி முந்திக்கொண்டார். ஃபண்டு, டெபாசிட், தங்கம், மனை என்று அரை மணி நேரம் விளக்கினார். ரெஜினா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"மாசத்துல எந்த நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார் கோமளவல்லி.

நம்பிக்குக் கேள்வி புரியவில்லை. ரெஜினாவுக்குப் புரிந்தது.

"பத்தாம் தேதி. அவருக்குச் சம்பள நாள். சின்னவ அன்னிக்குச் சாயங்காலம் வாசல்லயே உக்காந்துக்கிறா."



கோமளவல்லி தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தின் படிவத்தை எடுத்தார். எழுதத் தொடங்கியவர் பேனாவை மூடினார்.

"கணக்கு ஆரம்பிக்கிற தேதியிலதான் மாசா மாசம் வட்டி வரும். இன்னிக்கு இருபத்தேழு. பத்தாம் தேதி வாங்கம்மா, ஆரம்பிச்சுடலாம்."

ரெஜினா படியிறங்கியதும்தான் நம்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தத் திட்டத்துல பணம் வளரவும் வளராது. தங்கசாமிக்கு மட்டும் நல்லதைக் குடுத்தீங்க" என்றும் சொன்னார்.

"முதல் வட்டி வாங்கறப்ப அவங்களுக்குத் துணையா நீங்க போயிட்டு வாங்க சார்."

கணக்கு ஆரம்பித்த மறுமாதம் பத்தாம் தேதி போனார்.

தபால் ஆபீசில் நல்ல கூட்டம். ரெஜினா கையெழுத்துப் போட்டு நோட்டுகளை வாங்கினார். சின்னவள் அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இது யாரு குடுத்தது?"

ரெஜினா குனிந்தார். பணத்தை அவள் இரண்டு கையிலும் வைத்தார்.

"அப்பா சம்பளம்டி."