இருபது நிமிடத்துக்கு ஓர் ஆள்

இந்தக் கதையில் ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நீங்களும் கூடச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் இப்போது இல்லை. இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது.

நோர்வேயில் பெர்கன் என்று ஓர் ஊர். குடையை மடக்குவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அங்கே ஒரு சனிக்கிழமை மத்தியானம் பலவேசம் தன் குருவைப் பார்க்கப் போனார். சிஷ்யனுக்கு நாற்பத்தாறு வயது. குருவுக்கு முப்பத்தொன்று. பெயர் சுகிர்தா. பருத்தித்துறையில் பிறந்து, ஒன்பது வயதில் இங்கே வந்தவர். சனிக்கிழமைகளில் குரல் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்.

பலவேசமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாக்களில் பலகுரல் மன்னன். பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், அல்வாக் கடை முதலாளி, மைக் செட்காரர் என்று இருநூறு பேர் அவர் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. பின்னாலேயே இவரும் வந்தார். எட்டு மாதமாக ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிறார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்கோ அண்ணை."

"இந்தக் கலைய விட்டுரட்டுமா?"

சுகிர்தா தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து நிமிர்ந்தார்.

"ஏன் அப்பிடிக் கேக்கிறியள்?"

"தீபாவளிக்குத் தமிழ்ச் சங்கத்துல பண்ணுனேம்லா? ஒரு ஈ காக்கா சிரிக்கல. ஜங்ஷன் கண்டக்டர் மாதிரி விசிலடிக்கேன், பிள்ளைக காதப் பொத்துது. முடிஞ்சதும் செயலாளர் வந்து கையக் குலுக்கி, 'நல்ல சத்தம்'னுட்டுப் போறாரு."

"சத்தம் நல்லம்தானே."

"நீங்களும் கேலி பண்ணாதீங்க. பொங்கல் விழாவுக்கு மறுபடி இருபது நிமிசம் தாரேங்காரு. உண்டா இல்லையான்னு இன்னைக்குச் சொல்லணும். இந்தத் தடவையும் சிரிக்கலேன்னா என் தொண்டை செத்துப்போயிரும் டீச்சர். இல்லேன்னு சொல்லிட்டா, பேசாம விரிப்பு மடிச்சுக்கிட்டு இருந்துருவேன். முப்பது வருசத் தொழில். விடுததா, வச்சுக்கிடுததா?"

"உங்கட ஊர் ஆக்களின்ர குரல் எல்லாம் செய்வீங்கள். இஞ்சத்த ஆக்களின்ர குரல்?"

"இங்க யாரு பேசுதா?"

"ஒருத்தரும் பேசுறேல்லயோ?"

"ஒருத்தரும் இல்ல."

சுகிர்தா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரத்தில வந்தனீங்கள். உங்கட பக்கத்து ஆள் ஒருத்தர் குசினிக்குள்ள இருக்கிறார். குரல் தேறுமோ எண்டு பாக்க வேணும். நீங்கள் இதில இருந்து கேட்டுச் சொல்லுங்கோ. உள்ளுக்கு வரக்கூடாது. கூச்சப்படுகிற மனிசன். இன்னொரு கலைஞரைக் கண்டால் நாக்கு ஒட்டிப்போம்."

கலைஞர் என்ற சொல்லுக்குப் பலவேசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுகிர்தா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சொல்லுங்கோ, வேலை எப்பிடி?"

"வேலைக்கென்ன டீச்சர். மொதலாளிதான் சிக்கல்." ஓர் ஆண்குரல். மூக்கில் ஏறி மூக்கிலேயே இறங்கியது.

"ஏசுவாரோ?"

"தங்கமான மனுசன். அறுவது வயசு. 'என்னை லார்ஸ்னு கூப்பிடு'ங்காரு. எங்கப்பா வயசுக்காரர எப்படிப் பேர் சொல்லுதது? சார்னா, 'சார் இல்ல, லார்ஸ்'ங்காரு. அண்ணாச்சின்னா அவருக்குப் புரியாது."

"பிறகு எப்பிடிக் கூப்பிடுறது?"

"பக்கத்துல போயி இருமுவேன்."

வெளியே பலவேசத்துக்கு உதடு துடித்தது.

"ஒரு இருமல்னா சோப்புப் பொடி தீந்துட்டு. ரெண்டு இருமல்னா மெஷின் நின்னுட்டு. அவரு எனக்கு நெஞ்சுல சளின்னு நெனச்சு ரெண்டு நாள் லீவு குடுத்துட்டாரு. லீவு வேண்டாம்னு சொல்லப் போனேன். சொல்லணும்னா மொதல்ல கூப்பிடணும்லா?"

"கூப்பிட்டீங்களோ?"

"இருமுனேன். நாலு நாளாக்கிட்டாரு."

பலவேசம் சோபாத் தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார்.

"வீட்டுக்குப் போன் எடுக்கிறனீங்களோ?"

"டெய்லி. 'குளிரா? சேச்சே, கொடைக்கானல் மாதிரி சொகமா இருக்கு'ம்பேன். எனக்குப் பல்லு அடிக்குத சத்தத்தக் கேட்டுட்டு எங்க அத்தை, 'பக்கத்துல யாரு தாளம் போடுதா'ம்பாவ."

"மனம் விட்டுக் கதைக்க ஆளில்லையோ?"

"பக்கத்து வீட்டுல ஒரு நாய் உண்டு. அதுக்கு இப்பம் தமிழ் நல்லாப் புரியுது. 'ஏல, உக்காரு'ன்னா உக்காந்துரும். அந்த வீட்டம்மா அவங்க பாஷைல சொன்னா முழிக்கு. என்னைக் கண்டாலே அந்தம்மா கதவ அடைக்காவ."

பலவேசம் சோபாவிலிருந்து சரிந்து தரைக்கு வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உருண்டார். இந்த ஊருக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

கதவு திறந்தது. சுகிர்தா அதைத் திரும்பச் சாத்திவிட்டு வந்தார்.

"எப்பிடி?"

"டீச்சர், எங்க இருந்தான் இவன் இத்தன நாளா?"

"இஞ்சதான். எட்டு மாசமா."

"கொஞ்சம் மூக்கால பேசுதான். நாலு நாள்ல நான் சரிபண்ணிருதேன். இல்ல, வேண்டாம், இருக்கட்டும். அந்த மூக்குதான் சிரிப்பு."

"இஞ்சத்த சனத்துக்கு விளங்குமோ? உங்கட ஊர்க் கதை."

"எங்க ஊர்க் கதையா? நல்லாருக்கே! வந்து எறங்குன அத்தன பேருக்கும் இதான நடந்துருக்கும்? நானே ஒங்ககிட்ட சொன்னேம்லா, மொதலாளியப் பேர் சொல்ல முடியாம இருமுனேன்னு. ஆனா இவன் அளவுக்கு நான் மோசமில்ல."

"இல்லை" என்றார் சுகிர்தா.

"இவன மேடைல ஏத்தியே ஆகணும். என் இருபது நிமிசத்த இவனுக்குக் குடுத்துருவோம்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. பிறகு மாத்தேலாது."

"யோசிக்க என்ன இருக்கு?"

அங்கேயே கைபேசியை எடுத்துச் சங்கச் செயலாளரை அழைத்தார்.

"ஐயா, பலவேசம் பேசுதேன். பொங்கலுக்கு நான் ஏறல. வேற ஒரு ஆளத் தாரேன். சபை உருளும், பாத்துக்கிடுங்க. உருளலேன்னா என்னைக் கேளுங்க."

"நல்லது. ஆளின்ர பேரைச் சொல்லுங்கோ. அழைப்பிதழ் அச்சுக்குப் போகுது."

"ஒரு நிமிசம் லைன்ல இருங்க."

கைபேசியைக் காதில் இடுக்கியபடி பலவேசம் சமையலறைக் கதவைத் திறந்தார். ஒரு நாற்காலி. ஒரு கோப்பை. சாத்திய ஜன்னலில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஆளக் காணும்?"

"இந்த மழைக்குள்ள சப்பாத்தில்லாமல் எங்க போறது? வாசல்ல கிடக்கும், பாருங்கோ."

பலவேசம் வாசலுக்குப் போனார். இரண்டு ஜோடி காலணிகள் கிடந்தன. ஒன்று சின்னது, மஞ்சள் நிறம், சுகிர்தாவுடையது. இன்னொன்று கறுப்பு, இடது குதி தேய்ந்தது, அவரே வரும்போது கழற்றிப் போட்டது. மூன்றாவது ஜோடியைத் தேடி, தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளை விலக்கினார். குடையை நகர்த்தினார். பிறகு அந்தக் கறுப்பு ஜோடியைத் திரும்பப் பார்த்தார்.

"ஹலோ? பேர்?" என்றது கைபேசி.

பலவேசம் குனிந்து அந்தத் தேய்ந்த குதியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஹலோ, அண்ணை? ஆள் நிக்கிறாரோ, இல்லையோ?"

உள்ளே சுகிர்தா இருந்த பக்கத்திலிருந்து, மூக்கில் ஏறி மூக்கிலேயே இறங்கும் அந்தக் குரல் வந்தது.

"பேரச் சொல்லுங்க அண்ணாச்சி. லைன்ல காத்துக் கெடக்காவ."